புகைப்புரையில் காய்ந்த லேப்டாப்

“காப்பி எடுத்து வைக்கலையா?”

அந்த மழைக்குப் பிறகு ஒரு மாதம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே எனக்கு வேலையாக இருந்தது. கல்லூரி முதல்வர் கேட்டார். என் ஆராய்ச்சி வழிகாட்டி கேட்டார். கோயம்புத்தூரில் படிக்கும் மகள், “கிளவுட்ல போடும்மான்னு எத்தன வாட்டி சொன்னேன்” என்று போனில் கத்தினாள். சர்ச்சில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்காகூட, பென் டிரைவ் என்று ஒன்று இருப்பதாகவும் அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்றும் ஜெபம் முடிந்த கையோடு விளக்கினார். எடுத்து வைத்திருந்தால் நான் எதற்கு இந்தப் பாடு படப்போகிறேன்? எடுக்கவில்லை. அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கு எழுந்து சமைத்து, இரண்டு பஸ் மாறி, ஐந்து வகுப்பு எடுத்து, மறுபடி இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைக்கத்தான் நேரம் இருக்கும்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எட்டு வருடமாகியிருந்தது. ஐந்து குளங்களைப் பற்றிய ஆராய்ச்சி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளங்களுக்குப் போய், தண்ணீரின் சூட்டையும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் சட்டத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, அதற்குள் எத்தனை நத்தை என்று எண்ண வேண்டும். மூன்று வருடம் எண்ணினேன். குளிக்க வருகிற பெண்கள் எனக்கு ‘நத்த டீச்சர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கெடு இரண்டு முறை நீட்டித் தந்தார்கள். மூன்றாவது முறை கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. டிசம்பர் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரியும் சொல்லிவிட்டது. எழுதிய அத்தியாயங்களின் அச்சுப்பிரதி வழிகாட்டியின் மேசையில் கிடந்தது. முதல் வருட அளவுகளை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். மற்ற இரண்டு வருட எண்களும், குளத்தில் நின்று குறித்த நோட்டுகளை விட்டால், என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தன. அந்த எண்கள் இல்லாமல் அத்தியாயங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் வீடு கருங்கலுக்குப் பக்கம், சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. பின்னால் மேடேறிப் போகும் சரிவில் எங்கள் ரப்பர் தோட்டம். கணவருக்கு முழுநேரமும் அதுதான். அந்த நவம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டபோது நான் கல்லூரியில் தேர்வுப் பணியில் மாட்டிக்கொண்டேன். ரோடு அறுந்து பஸ் நின்றது. உடன் வேலை பார்க்கும் ஒருத்தியின் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலையில் கணவரிடமிருந்து போன் வந்தது.

“ஏட்டி, சானல் ஒடைஞ்சு வெள்ளம் உள்ள கேறிட்டு. முட்டளவு நிக்குது. நீ பேடிக்காத. ஒனக்க சாதனம் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

லேப்டாப் கட்டிலுக்குக் கீழே பையில் இருக்கிறது என்று சொல்வதற்குள் தொடர்பு போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் டவரே இல்லை. பாத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டாரே என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டு விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். முட்டாள்!

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது தரையெல்லாம் சேறு, சுவரில் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஒரு செம்மண் கோடு. அவர் என்னைக் கண்டதும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு தோர்த்துத் துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே என் லேப்டாப் இருந்தது. அதிலிருந்து ரப்பர் ஷீட்டின் வாசம் அடித்தது.

“இது என்ன வாசம்?”

“புகைப்புரையில வெச்சேன். ரெண்டு நாள். இப்போ பாரு, ஒரு சொட்டு ஈரம் கெடையாது” என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

புகைப்புரை என்பது ரப்பர் ஷீட்டைக் காயப்போடும் சின்னக் கட்டடம். ஜன்னல் கிடையாது. ரப்பர் மரத்துப் பாலை உறையவைத்து, ரோலரில் கொடுத்துத் தட்டையாக்கிய ஷீட்டுகளை உள்ளே மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே சிரட்டையும் உரித்த தேங்காய் மட்டையும் போட்டுப் புகைய விடுவார்கள். நாலைந்து நாளில் வெள்ளை ஷீட்டு தேன் நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் புகைப்புரை சரிவில் மேலே இருப்பதால் அங்கே வெள்ளம் ஏறவில்லை. மழையில் பால் வெட்டு இல்லாததால் ஷீட்டும் இல்லை. காலியாகக் கிடந்த புகைப்புரையில் என் லேப்டாப்புக்காகவே இந்த மனிதர் தீ மூட்டியிருக்கிறார்.

“ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன். பார்த்திருக்கக் கூடாது என்று மனது அடித்துக்கொண்டது.

“பாத்தேனே! பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில சொருகினேன். லைட்டு எரிஞ்சுது கேட்டியா. உள்ள டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். கொஞ்ச நேரம் விட்டுப் பாத்தேன். பின்ன தானே அணைஞ்சு போச்சு.”

“கர்த்தாவே” என்று சேற்றுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். இரும்புப் பெட்டியில் இருந்த என் குளத்து நோட்டுகளைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் முங்கிப் போச்சு, மேல கெடக்கு” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. முங்கின நோட்டு என்னவாகியிருக்கும் என்று தெரியாதா? அவரிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டேன். தீ மூட்டியவரின் புகைப்புரைப் பக்கமே அதன்பிறகு நான் போகவில்லை.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகவலை எடுத்துத் தருகிற கடை ஒன்று இருந்தது. நடத்துவது ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அஞ்சுகிராமத்துக்காரி. பெங்களூரில் இதே வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். தலையில் ஆப்பரேஷன் தியேட்டரில் போடுகிற மாதிரி ஒரு நீலத் தொப்பி. லேப்டாப்பைத் திருப்பி, நாலு திருகைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள்.

“டீச்சர், வீட்டுல தீப் பிடிச்சுதா?”

“வெள்ளம்.”

“வெள்ளம்னா இந்தக் கரி எப்படி வந்துது?”

“காய வெச்சோம்” என்றேன். எங்கே என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. இதே மாதிரி இன்னொரு டிஸ்க் வரவழைத்து, அதிலிருந்து சில பாகங்களை எடுத்து இதில் பொருத்திப் பார்க்க வேண்டும், பத்து நாளாகும் என்றாள். பத்து நாள் பதினான்கு ஆனது. நடுவில் இரண்டு தடவை வகுப்பு முடிந்து போய் மாடிப்படி ஏறினேன். இரண்டு தடவையும், “ஓடிக்கிட்டு இருக்கு டீச்சர், நின்னு நின்னு ஓடுது” என்ற பதில்தான். இறங்கும்போது என் முழங்கால் வலித்தது. வீட்டில் சேறு அள்ளி முடியவில்லை, விடைத்தாள் திருத்தி முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் அப்படியே எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றும். எனக்குக் கோபம்கூடச் சரியாக வரவில்லை, அத்தனை அலுப்பு.

பதினான்காம் நாள் அவள் வரச் சொன்னாள். “நானும் வாறேன்” என்று அவர் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சர்ச்சுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். கிடைத்தவை நிறையத்தான் இருந்தன. ஆறு பருவத்து வருகைப் பட்டியல், கல்லூரிச் சுற்றறிக்கைகள், எங்கள் ரேஷன் கார்டின் நகல் நாலு தடவை, மகளின் பள்ளி ஆண்டு விழாவில் யாரோ ஒரு பிள்ளை ஆடுகிற படம். எனக்கு வேண்டாதது எல்லாம் முழுசாக வந்திருந்தது. குளத்து எண்கள் இருந்த கோப்பின் பெயர் மட்டும் வந்திருந்தது. திறந்தால் வரிவரியாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்.

“அந்த எடத்துலதான் தட்டு கீறிப்போச்சு டீச்சர். எவ்வளவோ பாத்துட்டேன். இனி யாருகிட்டக் குடுத்தாலும் வராது.”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பேசினார்.

“பிள்ளே, நான் ஒண்ணு கேக்கட்டா? நான் காய வெச்சதுனாலயா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

“அண்ணாச்சி, இதுக்குள்ள ஒரு தட்டு சுத்தும். மேல ஒரு சின்ன முனை, தட்டத் தொடாம ஓடும். வெள்ளத்தோட சேறு உள்ள போயிருக்கு. சூட்டுல அந்தச் சேறு தட்டுலயே காஞ்சு ஒட்டிக்கிட்டு. அதோட கரண்டு குடுத்ததும் முனை சேத்துல இடிச்சு இழுத்துக்கிட்டே போயிருக்கு.”

“காய வெக்காம கொண்டு வந்திருந்தா?”

“ஈரத் துணியில சுத்தி, கவர்ல போட்டு, அப்படியே ஈரத்தோட கொண்டு வந்திருந்தா கழுவி எடுத்திருப்பேன். இத மட்டும் காய விடக் கூடாது அண்ணாச்சி.”

“காய விடக் கூடாதா?” என்றார் அவர். வாழ்நாள் முழுக்க ஈரத்தைக் கண்டால் காயப்போட ஓடுகிற மனிதர். ஒரு ஷீட்டு ஒரு நாள் ஈரத்தோடு கிடந்தால் பூசணம் பிடித்துவிடும் என்று மழையில் எழுந்து போகிறவர். அந்தப் பதில் அவருக்குப் புரியவே இல்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு வந்தது. பதினேழு நாள் வராத கோபம் அந்த மாடியில் வந்தது.

“கேட்டீங்களா? நல்லாக் கேட்டீங்களா? தொடாம இருந்திருந்தாப் போதும்! யாருட்டயாவது ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? எதுக்கெடுத்தாலும் புகைப்புரை! எனக்க எட்டு வருசத்தக் கொண்டு போய் ஷீட்டு மாதிரிச் சுட்டு வெச்சிருக்கீங்களே, நீங்க மனுசன்தானா?”

கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர், “அண்ணைக்கு டவர் இல்லட்டி” என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான். அதற்காக நான் நிறுத்தவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கை வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருங்கல் வரை நின்றே வந்தார். மறுநாள் நான் வழிகாட்டிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை ஐயா, விட்டுவிடுகிறேன் என்று. இரண்டு வரி எழுதினேன். அழுகை வந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அதுவும் வரவில்லை.

அன்று மத்தியானம் அவர் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தேன் நிறத்தில், முறுகிப்போய், புகை நாற்றத்தோடு இருந்தன. மேலே கிடந்த தாளில் என் கையெழுத்து.

“என்ன இது?”

“ஒனக்க குளத்து நோட்டு. அண்ணைக்கே நோட்டு நடுவுல உள்ள ஊக்கப் பிரிச்சு ஒவ்வொரு தாளா கம்புல தொங்கவிட்டேன். காஞ்சு நாளாச்சு. மாசமும் வருசமும் பாத்து அடுக்கத்தான் ரெண்டு நாளு ஆச்சு.”

“ஏன் சொல்லல?”

“லேப்டாப்ப நான் கெடுத்துட்டேன்னு ஆன பெறவு, இதையும் கெடுத்துட்டேன்னு சொல்லுவியோன்னு பேடிச்சுச் சொல்லல்ல. எனக்குத் தெரியுமா எது காயணும் எது காயக் கூடாதுன்னு?”

நான் தாளைக் கையில் எடுத்தேன். குளத்தில் நிற்கும்போது பேனா மை கரையும் என்று எல்லாவற்றையும் பென்சிலில் எழுதியிருந்தேன். பென்சில் தண்ணீரிலும் போகவில்லை, புகையிலும் போகவில்லை. ஆனால் நேராகப் பார்த்தால் பழுப்புத் தாளில் ஒன்றும் தெரியாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து மினுங்கும். கெடுவுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. தாள் முந்நூற்றுச் சொச்சம். நானே சாய்த்துப் பார்த்து நானே தட்டினால் முடியாது.

“நீ அடி. நான் வாசிக்கேன்” என்றார்.

கல்லூரியில் ஒரு பழைய லேப்டாப் இரவல் கேட்டு வாங்கினேன், மிச்சமிருந்த விடுப்பையெல்லாம் போட்டேன். காலையில் வெளிச்சம் வந்ததும் ஜன்னலருகே உட்காருவோம். மூன்றரை மணிக்கு அந்த ஜன்னலில் வெளிச்சம் போய்விடும், அதோடு நிறுத்துவோம். கரைந்த ஆக்சிஜனுக்கு நான் டி, ஓ என்று இரண்டு ஆங்கில எழுத்து போட்டிருந்தேன். அவர் அதைச் சேர்த்து ‘டூ’ என்றே வாசித்தார். ‘சூடு இருபத்தேழு, டூ ஆறு புள்ளி நாலு, நத்த பதினெட்டு.’ முதல் இரண்டு நாள் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன். நத்தை குறைந்தால், “என்னட்டி, எல்லாம் எங்க போச்சு?” என்று கேட்பார். எண்கள் முழுக்கக் கிடைத்தன. கெடுவுக்கு நாலு நாள் முன்பே கொடுத்துவிட்டேன். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வாசிக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாளைப் பற்றி.

அவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. நான் நத்தை எண்ணிய இரண்டாம் வருடத்தில் ஷீட்டு அடிக்கும் ரோலரில் மாட்டி நசுங்கிப்போய், ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அந்தத் தேதி அவருக்கு மறக்காது. அன்று காலை ஒன்பதரைக்கு அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நானும் அவருடைய தங்கையும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரமாகும் என்றார்கள். என்னுடைய ஐந்து குளத்தில் ஒன்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிட தூரம். மறுநாள் மீன் பிடிக்க அந்தக் குளத்தை வடிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்று எடுக்காவிட்டால் அந்த அளவு இல்லை. தங்கையிடம் மருந்து வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். புருஷனுக்கு விரலை அறுக்கிற நேரத்தில் நான் முழங்கால் தண்ணீரில் நின்று நத்தை எண்ணினேன். திரும்பி வருவதற்குள் அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மயக்கத்தில் மூன்று தடவை என்னைக் கேட்டாராம். மருந்துக்கடையில் பயங்கரக் கூட்டம் என்று சொன்னேன். அதை அவர் சர்ச்சில் எல்லோர் முன்னும் எழுந்து சாட்சியாகவே சொன்னார், ‘எனக்க பெண்டாட்டி எனக்கு மருந்துக்காக ரெண்டு மணிக்கூர் வரிசையில நிண்ணா’ என்று. நான் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள் வரிசையில் வரும் என்று எனக்கு நினைப்பே இல்லை. தேதியை வாசித்தார். நான் அடித்தேன். குளத்தின் பெயரை வாசித்தார். அடித்தேன். அடுத்த எண் வராததால் நிமிர்ந்து பார்த்தேன். தாளை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தார்.

“நேரம் பத்தே முக்கால்னு போட்டிருக்கு” என்றார்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“இது எனக்க வெரல அறுத்த அண்ணைக்கில்லா?”

“ஆமா.”

“மருந்துக்கடையில நிண்ணேன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“நிக்கல்லியா?”

“இல்ல” என்றேன். “குளத்துக்குப் போனேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கடையில், ஊர் பார்க்க, மனுசன்தானா என்று நான் கேட்டதை அவர் என்னிடம் திருப்பிக் கேட்கலாம். கேட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கேட்கட்டும் என்றுகூட இருந்தது. அவர் அந்தத் தாளை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

“சூடு இருபத்தொம்பது” என்றார். “டூ அஞ்சு புள்ளி ரெண்டு. நத்த முப்பத்தொண்ணு.”

அடித்தேன்.

“சரியா அடிச்சியா?”

“அடிச்சேன்.”

“வாசி, பாக்கட்டு. இது தப்பாப் போவக் கூடாது.”

திரையைப் பார்த்து, தேதியிலிருந்து ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்.